தலையில் பந்து வைத்த ரோபோவும், நான் மறைத்த இரண்டு இழையும்

நான் பத்தாவது வரை படித்தவள். கணவர் பட்டுத் தறி நெய்கிறார். இந்தப் பகுதிக்கு இதுவரை சமையல் குறிப்பும், இரண்டு முறை மார்கழிக் கோலமும்தான் அனுப்பியிருக்கிறேன். இந்த முறை ரோபோவைப் பற்றி எழுதுகிறேன். "இவளுக்கும் ரோபோவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிரிக்காமல் கடைசி வரை படியுங்கள். பதினெட்டு வருடமாக நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயம், இந்த ரோபோவால்தான் வெளியே வந்தது.

எங்கள் வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். முன்பு இரண்டு தறி ஓடியது. இப்போது ஒன்றுதான். மற்றொன்றைக் கழற்றி அட்டத்தில் போட்டுவிட்டு, தறிக் குழியின் மேல் பலகை அடித்து மூடிவிட்டோம். அந்த இடம் சும்மாதான் கிடந்தது.

ஆரணியில் இருக்கும் என் நாத்தனாரின் மகள், 2021இல் கல்லூரி திறந்ததும் எங்கள் வீட்டில் தங்கிப் படிக்க வந்தாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். பக்கத்தில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் இரண்டாம் வருடம். ஒருநாள் சாயந்திரம் வந்து, "அத்தை, நான் காலேஜ் ரோபோ டீம்ல சேர்ந்துட்டேன். லேபை ஆறு மணிக்கே பூட்டிடறாங்க. அந்தக் காலித் தறி இடத்துல நாங்க வேலை செஞ்சுக்கலாமா?" என்று கேட்டாள். எட்டுப் பேர், அதில் மூன்று பெண் பிள்ளைகள். கணவர் என்னைப் பார்த்தார், நான் மாமியாரைப் பார்த்தேன். "புள்ளைங்க கண்ணு முன்னால இருந்தா நல்லதுதானே" என்றார் மாமியார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பக்கம் தறிச் சத்தம், ஒரு பக்கம் மோட்டார் சத்தம்.

ஏழு கல்லு ஆட்டம்

அவர்கள் தயாரான போட்டிக்கு ரோபோகான் என்று பெயர். பாப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஜப்பானில் என்.எச்.கே. தொலைக்காட்சி 1988இல் மாணவர்களுக்காக ரோபோ போட்டி ஆரம்பித்ததாம். பிறகு ஆசிய பசிபிக் நாடுகளின் ஒலிபரப்பு நிறுவனங்கள் சேர்ந்து, 2002இல் டோக்கியோவில் எல்லா நாட்டு மாணவர்களுக்கும் சேர்த்து நடத்தின. அந்த முதல் வருடமே வியட்நாம் பிள்ளைகள் ஜெயித்துவிட்டார்கள். நம் நாட்டில் தேசியச் சுற்றை நடத்துவது தூர்தர்ஷன். ஒவ்வொரு வருடமும் எந்த நாட்டில் போட்டி நடக்கிறதோ, அந்த நாடு ஒரு விளையாட்டைச் சொல்லும். 2014இல் புனேயில் நடந்தபோது, அம்மா ரோபோ தன் குழந்தை ரோபோவைத் தூக்கிக் கொண்டுபோய் சீசா பலகையிலும் ஊஞ்சலிலும் உட்கார வைத்து விளையாட்டுக் காட்ட வேண்டுமாம். இதைக் கேட்டதும் என் மாமியார், "அப்ப அதுக்கும் பிள்ளை வளர்க்கிற பாடுதானா!" என்றார்.

2022இல் போட்டி புதுடெல்லியில். நம் நாடு சொன்ன விளையாட்டு என்ன தெரியுமா? லகோரி! அதாவது நாம் சின்ன வயதில் தெருவில் ஓட்டுச் சில்லுகளை அடுக்கி, பந்தால் அடித்துக் கலைத்து விளையாடினோமே, அந்த ஏழு கல்லு ஆட்டம்தான். ரோபோவுக்கு ஏழுக்குப் பதில் ஐந்து வட்டத் துண்டுகள். ஒரு ரோபோ பந்தை எறிந்து அடுக்கைக் கலைக்கும். அதன் ஜோடி ரோபோ, சிதறியதை எடுத்து மறுபடி பெரிசு, சிறிசு என்று வரிசையாக அடுக்கும். அடுக்கும் ரோபோவின் தலையில் ஒரு பந்து இருக்கும். எதிரணி ரோபோ அந்தப் பந்தைக் குறிவைத்து அடிக்கும். தலைப்பந்து விழுந்தால் போச்சு.

தலைப்பந்துதான் முதல் தலைவலி. ரோபோ கிளம்பும்போதே அது உருண்டு விழுந்தது. நாலு நாள் அதோடு மல்லுக்கட்டினார்கள். நான் காபி கொடுக்கப் போனவள், "ஏம்பா, தலையில குடம் வெச்சிருக்கிறவ எடுத்த எடுப்புல ஓடுவாளா? மெதுவா ரெண்டு எட்டு வெச்சுத்தானே வேகம் பிடிப்பா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் மறுநாள், மோட்டாருக்குப் போகும் வேகத்தைச் சிறுகச் சிறுகக் கூட்டும்படி புரோகிராமை மாற்றி எழுதினார்கள். பந்து நின்றது. எனக்கு ஒரே பெருமை!

அந்தப் பிள்ளைகளும் எங்கள் தறியைப் பார்த்து அசந்து போனார்கள். தறி மேலே தொங்கும் ஜக்கார்டு அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் கொக்கி எழும்பி இழையைத் தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் இழை கீழேயே இருக்கும். அப்படித்தான் கரையில் மயிலும் அன்னமும் விழுகிறது. "இதுவும் புரோகிராம்தான் அத்தை. 1804 வாக்குல பிரான்ஸ்ல ஜக்கார்டுன்னு ஒருத்தர் செஞ்சது. இந்த அட்டையைப் பார்த்துத்தான் பின்னாடி பாபேஜ்னு ஒருத்தர், கணக்குப் போடற இயந்திரத்துக்கே அட்டை வெச்சு வேலை வாங்கலாம்னு யோசிச்சார்" என்றாள் பாப்பா. இத்தனை வருடம் தூசி தட்டிக்கொண்டிருந்த அட்டைக்கு இப்படி ஒரு பெருமையா என்று என் கணவரே எழுந்து வந்து பார்த்தார்.

இன்னொன்றும் சொன்னாள். 'ரோபோ' என்ற சொல் செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக் 1920இல் எழுதிய ஒரு நாடகத்தில் இருந்து வந்ததாம். அவர்கள் மொழியில் கூலியில்லாமல் கட்டாயமாக வாங்கும் வேலை என்று அர்த்தமாம். என் மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டே, "அப்படிப் பார்த்தா இந்த வீட்டுல முதல் ரோபோ நான், ரெண்டாவது ரோபோ உங்க அத்தை" என்றாரே பார்க்கலாம்!

டெல்லிக்கு அனுப்பலாமா?

முதலில் ரோபோவை எப்படிச் செய்யப் போகிறோம் என்று வரைந்து, எழுதி அனுப்ப வேண்டும். பிறகு அது ஓடுவதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். இரண்டிலும் தேறினார்கள். அப்புறம்தான் வீட்டில் பிரச்சினை ஆரம்பித்தது. ஆரணியில் இருந்து பாப்பாவின் அப்பா போன் செய்தார். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். "வயசுப் பொண்ணு, ரெண்டு ராத்திரி ரயில்ல, பசங்களோட டெல்லிக்கா? அடுத்த வருஷம் வரன் பார்க்கணும்னு இருக்கோம். நாலு பேர் என்ன பேசுவாங்க?" என்றார்.

"அண்ணா, கூட ரெண்டு டீச்சர் போறாங்க, இன்னும் ரெண்டு பொண்ணுங்களும் போறாங்க. எட்டுப் பேரும் நாலு மாசமா என் வீட்டுல என் கண்ணு முன்னாலதான் வேலை செய்யறாங்க. நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு எனக்கே கை நடுங்கியது. என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. போன் வைத்ததும், "பொறுப்புன்னு சொல்லிட்டே, இனிமே பின்வாங்க முடியாது" என்று மட்டும் சொன்னார்.

வைகாசியில் கருட சேவைக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் வரதராஜப் பெருமாளைச் சேவித்துவிட்டு வீட்டுக்கு வந்து, ரோபோவையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். "ஜெயிச்சா எவ்வளவு தருவாங்க?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும்.

கிளம்பும் அன்று ரோபோவைப் பழைய பாயிலும் போர்வையிலும் சுற்றி, மரப்பெட்டியில் வைத்தார்கள். நான் புளியோதரையும் காஞ்சிபுரம் இட்லியும் கட்டிக் கொடுத்தேன். மிளகும் சுக்கும் தட்டிப் போட்ட இட்லி ரயில் பயணத்தில் கெடாது.

திரும்பி வந்த முகம்

முதல் ஆட்டத்தில் ஏதோ சமாளித்தார்கள். இரண்டாவது ஆட்டத்தில், அடுக்கும் ரோபோ இரண்டு வட்டத்தை அடுக்கிவிட்டு, மூன்றாவதை எடுக்கப் போனபோது நடுவிலேயே நின்றுவிட்டது. என்ன செய்தும் அசையவில்லை. எதிரணி ஜெயித்தது. வெளியே கொண்டுவந்து மேஜையில் வைத்து ஸ்விட்சைப் போட்டால், எதுவுமே நடக்காததுபோல ஓடுகிறது!

ரோபோவை ரிமோட்டில் ஓட்டியவன் கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன் ஒருவன். பதட்டத்தில் அவன்தான் எதையோ தப்பாக அழுத்திவிட்டான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். "நான் ஒண்ணும் அழுத்தலடா" என்று இரண்டு முறை சொன்னானாம். அப்புறம் பேசவே இல்லை. டெல்லியில் இருந்து சென்னை வரும் வரை மேல் பெர்த்தை விட்டு இறங்கவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை என்று மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள்.

ஆரணி அண்ணன் போனில், "தோத்துட்டுத்தானே வந்தாங்க? ஒயர் பிடிச்சது போதும், இனிமே ஒழுங்கா படிக்கட்டும். அடுத்த வருஷம் டீமும் வேணாம், டெல்லியும் வேணாம்" என்றார். பொறுப்பு என்று சொன்ன வாயால் நான் என்ன பேசுவது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேரும் எங்கள் வீட்டில் கூடி, எங்கே தப்பு நடந்தது என்று அலசிப் பார்ப்பதாக ஏற்பாடு. ஜெயித்தாலும் தோற்றாலும் போட்டி முடிந்ததும் இப்படி உட்கார்ந்து எழுதி வைக்க வேண்டும், அதை அடுத்த வருடப் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று அவர்கள் சீனியர்கள் வைத்துவிட்டுப் போன வழக்கமாம்.

சனிக்கிழமை ராத்திரி பாப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வாயில் போகவில்லை. எல்லோரும் படுத்த பிறகு, பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, அவன் ஒண்ணும் தப்பா அழுத்தல. தப்பு என்னோடது."

பேட்டரியில் இருந்து வரும் ஒயரை ஈயம் வைத்துப் பற்ற வைத்தது பாப்பாதான். போட்டிக்கு முந்தின ராத்திரி தொட்டுப் பார்த்தபோது அந்த இடம் லேசாக ஆடியதாம். சரிசெய்ய வேண்டுமென்றால் ரோபோவின் அடிப்பாகம் முழுவதையும் கழற்ற வேண்டும். மணி பன்னிரண்டு. டீம் தலைவன் ஏற்கெனவே எல்லோரிடமும் கத்திக்கொண்டிருந்தான். 'இதுக்குத்தான் பொண்ணுங்ககிட்ட ஒயரிங் கொடுக்க வேணாம்னு சொன்னேன்' என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம். யாருக்கும் தெரியாமல் இன்சுலேஷன் டேப்பை இறுக்கிச் சுற்றிவிட்டுப் படுத்துவிட்டாள். ஆட்டத்தில் ரோபோ குலுங்கியபோது இணைப்பு விட்டிருக்கிறது. மேஜையில் வைத்ததும் தானாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

"நாளைக்கு சொன்னா என்னை டீமை விட்டு எடுத்துடுவாங்க. அப்பாவுக்குத் தெரிஞ்சா, அவ்வளவுதான். சொல்லலைன்னா, அவன்..." என்று அழுதாள்.

எனக்குப் பாத்திரம் கையில் அப்படியே நின்றுவிட்டது. ஏனென்றால், இதே மாதிரி ஒரு ராத்திரி எனக்கும் வந்திருக்கிறது.

இரண்டு இழைதானே!

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு இருபது வயது. தறியில் ஒரு பாவு முடிந்ததும், புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய பாவின் இழையோடு சேர்த்து விரலால் முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. எங்கள் தெருவில் பெரும்பாலும் பெண்கள்தான் அந்த வேலையைச் செய்வோம். மாமனார் என்னை நம்பி ஒரு பாவைக் கொடுத்தார். நல்ல பேர் வாங்க வேண்டும் என்று ராப்பகலாக உட்கார்ந்தேன். முடிக்கும் நேரத்தில் பார்த்தால், கரை ஓரத்தில் இரண்டு இழை ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே மாறிக் கிடந்தது. பிரித்துச் சரிசெய்ய வேண்டுமானால் மாமனாரைக் கூப்பிட வேண்டும். 'இதுகூடத் தெரியாதா?' என்று கேட்பாரோ என்று பயம். இரண்டு இழைதானே என்று விட்டுவிட்டேன்.

அந்த இரண்டு இழையும் ஒன்றோடொன்று உரசி உரசி அறுந்துகொண்டே இருந்தது. முடிச்சுப் போட்டால் மறுபடி அறும். கோர்வைச் சேலை நெய்ய இரண்டு பேர் வேண்டும் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். நெசவாளி ஒரு பக்கம் உட்கார, கரை நாடாவைத் தள்ள மறுபக்கம் ஒரு பையன் உட்காருவான். அறுந்தது அவன் பக்கத்தில். அவன்தான் முரட்டுத்தனமாக நாடாவைத் தள்ளுகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒரு பாவில் மூன்று சேலை. மூன்றிலும் குறை. முதலாளி கூலியில் பிடித்துக்கொண்டார். அந்தப் பையனை மாமனார் வேலையை விட்டு அனுப்பிவிட்டார். அவனுக்கு அப்போது பதினெட்டு வயதுதான் இருக்கும். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

இதைத்தான் அன்று ராத்திரி பாப்பாவிடம் சொன்னேன். நல்ல புத்தி சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது. "அவங்க உன்னை டீம்ல வெச்சுப்பாங்களா, எடுத்துடுவாங்களான்னு எனக்குத் தெரியாது. ஆனா அந்தப் பையன் தலைகுனிஞ்சு வாசப்படி இறங்கினது மட்டும் இன்னிக்கும் என் கண்ணுல நிக்குது பாப்பா" என்றேன். அவள் பதில் பேசாமல் படுக்கப் போய்விட்டாள்.

யார் அல்ல, எது?

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். சுவரில் மூன்று பெரிய தாள் ஒட்டினார்கள். 'என்ன நடந்தது', 'ஏன் நடந்தது', 'அடுத்து என்ன செய்வது' என்று ஒவ்வொன்றிலும் தலைப்பு. சீனியர்களின் விதி ஒன்று உண்டாம்: 'யார் என்று கேட்காதே, எது என்று கேள்.' விதி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தாளில் முதல் வரியே 'ரிமோட்டில் தவறு' என்று எழுதப் போனார்கள். கண்ணாடிப் பையன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நான் மோர் டம்ளர்களைத் தட்டில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றேன். பாப்பா எழுந்தாள். "அதை எழுதாதே" என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். குரல் நடுங்கியது, ஆனால் நிறுத்தவில்லை.

ஒருவரும் பேசவில்லை. கண்ணாடிப் பையன் எழுந்து போய், ரோபோவைக் கவிழ்த்து, டேப்பைப் பிரித்து ஒயரை இழுத்தான். கையோடு வந்துவிட்டது. அதைத் தூக்கிக் காட்டினான். அவன் கண்ணில் தண்ணீர். கோபமா, நிம்மதியா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஏன் அன்னிக்கே சொல்லல?" என்று தலைவன் கேட்டான்.

"நீ கத்துவேன்னு பயந்தேன்" என்றாள் பாப்பா.

அவன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு பேனாவை எடுத்து, 'ஏன் நடந்தது' என்ற தாளில் வரிசையாக எழுதினான். ஒன்று, ஈயப்பற்று ஆடியது. இரண்டு, அதை இன்னொருவர் சரிபார்க்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. மூன்று, அடிப்பாகம் முழுவதையும் கழற்றாமல் ஒயரைத் தொட முடியாதபடி செய்திருக்கிறோம். நான்கு, தப்பைச் சொல்பவர் பயப்படும்படி தலைவன் கத்தினான்.

நாலாவதை அவனே எழுதியதைப் பார்த்ததும் எனக்கு அவன் மேல் மரியாதை வந்தது. பாப்பா கண்ணாடிப் பையனிடம் மன்னிப்புக் கேட்டாள். அவன் உடனே 'பரவாயில்லை' என்று சொல்லிவிடவில்லை. "ரயில்லயாவது சொல்லியிருக்கலாம்" என்றான். நியாயம்தானே? ஒரு மாதம் போலச் சரியாகப் பேசவில்லை. பிறகு தானாகச் சரியாயிற்று.

அன்று அவர்கள் செய்த ஏற்பாடுகளில் நம் வீட்டுக்கும் உதவுகிறவற்றைச் சொல்கிறேன்:

ஒரு நோட்டு. சின்னக் குறையானாலும் பார்த்தவர் அன்றே அதில் எழுத வேண்டும். எழுதியவரைத் திட்டக் கூடாது. எங்கள் வீட்டில் இருந்த நீளக் கணக்கு நோட்டையே எடுத்துக் கொடுத்தேன்.

ஒருவர் செய்த வேலையை இன்னொருவர் சரிபார்த்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

அடிக்கடி பழுதாகும் பாகம், கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மாற்றுப் பாகம் ஒன்று கையிருப்பில் வேண்டும்.

லித்தியம் பேட்டரியை ஆள் பக்கத்தில் இல்லாமல் சார்ஜ் போடக் கூடாது. உப்பிப்போன பேட்டரியை அதோடு ஒதுக்கிவிட வேண்டும். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்க வேண்டும். (பிள்ளைகள் வீட்டில் இந்த மாதிரி வேலை செய்தால், அம்மாக்களே, இதைக் கட்டாயம் கவனியுங்கள்.)

ஓரிக்கை டீக்கடை

அன்று ராத்திரி பாப்பா தன் அப்பாவுக்குத் தானே போன் செய்து நடந்ததைச் சொன்னாள். "தப்பை ஒத்துக்க டெல்லி வரைக்கும் போகணுமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அடுத்த வருடம் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

நானும் என் கணவரிடம் அந்த இரண்டு இழையைப் பற்றிச் சொன்னேன். நெய்துகொண்டிருந்தவர் தறியை நிறுத்தினார். வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "அப்பா போற வரைக்கும் அவனைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தார்" என்றார். அதைவிடத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

அடுத்த வாரம் இரண்டு பேரும் ஓரிக்கைக்குப் போனோம். அந்தப் பையன் இப்போது அங்கே டீக்கடை வைத்திருக்கிறான். நான் சொல்லி முடித்ததும் சிரித்தான். "விடுங்க அண்ணி, அந்தத் தறியை விட்டதாலதான் கடை வெச்சுப் பொழைச்சேன்" என்றான். டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றான். ஆனால் அவன் மனைவி சிரிக்கவில்லை. "அந்தப் பேராலதான் வேற எந்தத் தறியிலயும் இவரைச் சேர்த்துக்கல" என்று மட்டும் சொன்னாள். அவள் சொன்னதுதான் உண்மை என்று எனக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்டேன். கேட்டதனால் போன வருடங்கள் திரும்பி வந்துவிடாது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது.

பிறகு?

ஆயுத பூஜைக்கு ஆரணி அண்ணன் வந்தார். தறிக்குப் பொட்டு வைக்கும்போது, பாப்பா ரோபோவையும் துடைத்துக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அவர் அந்த நோட்டை எடுத்துப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் குறை, பக்கத்திலேயே தேதி, இரண்டு இரண்டு கையெழுத்து. ரொம்ப நேரம் படித்தார். அவரும் நெசவாளிதானே, குறை எழுதின கணக்கு அவருக்குப் புரியாதா? "டெல்லிக்குப் போறப்போ ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டுப் போவணுமா?" என்று பாப்பாவைக் கேட்டார். எங்களுக்கெல்லாம் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

2023இல் சர்வதேசப் போட்டி கம்போடியாவில். விளையாட்டு, அங்கோர்வாட் கோயிலை மனதில் வைத்து, கம்பங்களில் வளையம் எறிவது. பதினோரு கம்பம், ஒரு யானை ரோபோ, ஒரு முயல் ரோபோ. நம் கருட சேவைக் கடைகளில் சோப்பு டப்பா மேல் வளையம் போடுவோமே, அதே ஆட்டம்தான்! கம்போடியர்களின் எழுத்தே நம் காஞ்சியை ஆண்ட பல்லவர் காலத்து எழுத்தில் இருந்து பிறந்தது என்று பாப்பா படித்துக் காட்டினாள். தேசியச் சுற்றில் எங்கள் பிள்ளைகள் இரண்டு ஆட்டம் ஜெயித்து, மூன்றாவதில் தோற்றார்கள். கோப்பை இல்லை. ஆனால் ரோபோ ஓர் ஆட்டத்திலும் நடுவில் நிற்கவில்லை. முயல் ரோபோவை ஓட்டியது அந்தக் கண்ணாடிப் பையன்தான். ஒயரிங் முழுக்கப் பாப்பா, சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது அவன்.

பாப்பா 2024இல் படிப்பை முடித்து, இப்போது ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். வரனும் பார்க்கிறோம். அந்த நோட்டு ஜூனியர் பிள்ளைகள் கையில் இருக்கிறது.

சகோதரிகளே, உங்கள் பிள்ளைகளுக்கும் இதில் ஆசை இருக்கலாம். ஆறாம் வகுப்பில் இருந்தே ரோபோ செய்து பழக, மத்திய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் நாடு முழுவதும் பத்தாயிரம் பள்ளிகளில் அமைக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் பிள்ளையின் பள்ளியில் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு மும்பை ஐ.ஐ.டி. நடத்தும் ஈ-யந்த்ரா போட்டி இருக்கிறது. பெண் பிள்ளை என்று தயங்காதீர்கள்.

தோற்றுவிட்டு வரும் பிள்ளையிடம் "எத்தனை மார்க், எத்தனாவது இடம்?" என்று உடனே கேட்காதீர்கள். நாம் கத்துவோம் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் டேப் சுற்றி மறைக்கிறார்கள். எங்கள் வீட்டில் இப்போது பால் பொங்கி வழிந்தாலும், தறியில் ஓர் இழை அறுந்தாலும், பார்த்தவர் முதலில் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும், சொன்னவருக்குத் திட்டு கிடையாது என்று வைத்திருக்கிறோம். என் மாமியார் மட்டும் இன்னும் கொஞ்சம் திட்டுகிறார். எழுபது வயதுக்கு மேல் அவரை யார் திருத்துவது?

- ஒரு வாசகி, பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்.